கந்தப்பளையில் ஆறு கதவு வீடு விற்பனைக்கு

1

"18.02.2024, ஞாயிறு. பெயர்: நுவரெலியா ஆள், பெண்சாதி. வயது: ஐம்பது இருக்கும். பால்: குடித்தது, இரண்டு பேரும். தூங்கியது: -. அழைத்துப் போன நேரம்: 11.20. குறிப்பு: சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்."

என் அக்கா புஷ்பம் கைப்பட எழுதிய பதிவேட்டின் முதல் வரி இது. எங்கள் வீட்டை விலைக்குப் பார்க்க வந்தவர்களின் பதிவேடு. சென்ற வாரம் தபாலில் கனடாவுக்கு, எட்மண்டனுக்கு வந்து சேர்ந்தது. உறையின் மேல் என் பெயரை அவரே எழுதியிருந்தார்.

தலைப்புகள் வினோதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அக்கா இருபத்தேழு வருடம் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்தவர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும் நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. எந்தக் குழந்தை பால் குடித்தது, எது தூங்கியது, தாய் எத்தனை மணிக்கு வந்து அழைத்துப் போனாள் என்று நாளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். ஓய்வு பெற்றபோது எழுதாத கொப்பி ஒன்று மிச்சமிருந்தது. வீட்டை விற்பது என்று முடிவானதும் அந்தக் கொப்பியை எடுத்தார். தலைப்பு அச்சடித்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பால் என்ற இடத்தில் தேத்தண்ணி. தூங்கியது என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் கோடு.

பத்தொன்பது மாதத்தில் முப்பத்தொரு பதிவுகள். நானும் திகதி எழுதி வைக்கும் பழக்கமுள்ளவன்தான். என் நாட்குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பிழை இருந்த இடங்கள் எல்லாம் என்னுடையவை.

இன்று அக்டோபர் 19, ஞாயிறு. நாளை தீபாவளி. வெளியே இந்த வருடத்தின் முதல் பனி, தரையில் நிற்காமல் கரைந்துகொண்டிருக்கிறது. அந்த வீடு எப்படி விலை போகாமல் இருந்தது, எப்படிப் போனது என்பதை ஞாபகம் புதிதாக இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

வீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெசினில் நின்றவர். பிறந்தது தோட்டத்து வரிசை வீடான லயத்தில், கல்யாணம் முடித்தது லயத்தில், எங்கள் நான்கு பேரையும் பெற்றது லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னால் ஒரு கதவு, உள்ளே ஒரு அடுப்பு. வேலை முடிந்து வந்து குத்தகைத் துண்டில் லீக்ஸும் கரட்டும் போட்டு, பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்த பிறகு, கந்தப்பளை டவுனுக்கு மேலே பத்துப் பேர்ச்சஸ் காணி வாங்கினார். உறுதியோடு வாங்கினார். எங்கள் வம்சத்தில் உறுதி என்ற காணி உரிமைக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்த முதல் ஆள் அவர்தான். 1989இல் வீடு எழும்பியது.

சொந்தக் காணி, சொந்தக் காசு, கேட்க ஆளில்லை. எப்படி வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம். அப்பா லயம் கட்டினார்.

ஆறு காம்பரா, ஒரே வரிசையில். ஒவ்வொன்றும் பத்துக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு அடுப்பு, புகைக்கூண்டு. ஒரு காம்பராவிலிருந்து அடுத்ததற்குப் போக உள்ளே வழி கிடையாது. வெளியே வந்து, மழையானால் நனைந்து, அடுத்த கதவைத் தட்ட வேண்டும். பிள்ளைகள் நான்கு பேருக்கு நான்கு, தங்களுக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. தோட்டத்து லயத்தில் இல்லாத ஒன்றே ஒன்றைச் செய்தார். அங்கே நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டு இருமலும் சண்டையும் மேலால் வந்து விழும். அப்பா ஐந்து நடுச்சுவரையும் தகரம் வரைக்கும் தூக்கினார். வந்து பார்த்த சொந்தக்காரர்களிடம் அதைத்தான் முதலில் காட்டுவார்.

நான் அந்த வீட்டில் இருந்தது ஒன்பது வருடமும் நான்கு மாதமும். நான்காவது கதவு என்னுடையது. ஆசிரியர் வேலைக்குப் போய்வந்து, அந்தக் காம்பராவில் விளக்கு வைத்துப் படித்த புத்தகங்கள்தான் என்னை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தன என்று அக்கா குறை சொல்வார். பெரியண்ணன் இறந்துவிட்டார். தங்கை திருச்சியில் வாக்கப்பட்டாள். அம்மா முதல் காம்பராவில் போனார், அப்பா அதற்கு இரண்டு வருடம் கழித்து. கடைசியில் ஆறு கதவுக்கும் அக்கா ஒருவர்தான்.

3

விற்க வேண்டும் என்று சொன்னது அக்காதான். அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கிற தம்பி காணியை வித்துத் தின்னப் பார்க்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

கந்தப்பளைக் குளிர் தெரிந்தவர்களுக்கு விளங்கும். ஆள் குடியிருக்காத காம்பராவின் சுவர் பதினைந்து நாளில் வியர்க்கும், ஒரு மாதத்தில் கறுக்கும். அதைத் தடுக்க ஒரே வழி அடுப்பு மூட்டுவது. அக்கா முறை வைத்திருந்தார்: திங்கள் ஒன்றும் இரண்டும், புதன் மூன்றும் நான்கும், வெள்ளி ஐந்தும் ஆறும். கவாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சிகளை வாங்கி அடுக்கி, காம்பரா காம்பராவாக ஊதி ஊதி மூட்டுவார். பக்கத்து வீட்டு ஆள் உதவிக்கு வந்தாலும் விடமாட்டார். அடுப்பு புகையும் என்பார். அந்தப் புகை பத்து வருடமாக அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. நுவரெலியா டொக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, மலையை விட்டு இறங்குங்கள், இல்லாவிட்டால் இந்த அடுப்பையாவது விடுங்கள் என்றார். கொழும்புப் பக்கம் வத்தளையில் அக்காவின் மகள் சுதா மேல்மாடியில் ஒரு அறை பாதி கட்டி நிறுத்தியிருந்தாள், அம்மாவுக்காக. வீடு விற்றால்தான் மீதி எழும்பும்.

"அப்ப அடுப்ப விட்டுட்டு ஒரு காம்பராவுல இருங்கக்கா" என்று நான் சொன்னேன்.

"சொவரு கருத்தா எவன்டா வாங்குவான்? விக்கிற வரைக்கும் எரிச்சுத்தான் ஆகணும்" என்றார்.

இதுதான் நிலைமை. வீடு விலை போகாத ஒவ்வொரு வாரமும் ஆறு அடுப்பு. மார்கழிக் குளிரில் ஒருமுறை தொலைபேசியில் இருமல் வந்து நான்கு நிமிடம் பேச முடியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

4

எங்கள் ஞாயிறு இப்படி இருக்கும். எனக்குக் காலை ஏழு மணி. அவருக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. பனிக்காலமானால் நான் வாசலில் பனி அள்ளிப் போட்டுவிட்டு வந்து உட்காருவேன். அள்ளாவிட்டால் இங்கே நகரசபை தண்டம் போடும். வார நாளில் பள்ளிக்கூடம் ஒன்றில் இதே வேலைதான்: படியில் உப்புத் தூவுவது, கதவு பூட்டுவது, மின்குமிழ் மாற்றுவது. ஆசிரியராக இருந்தவன் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா கொப்பியைத் திறந்து அந்த வாரம் வந்தவர்களை வாசிப்பார். வெலிமடையிலிருந்து வந்த வியாபாரி, கொழும்பிலிருந்து ஹோட்டல் போட இடம் தேடியவர்கள், ராகலையில் இருந்து ஒரு போதகர். எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார். குடித்தவர் எத்தனை பேர், பாதியில் வைத்தவர் எத்தனை பேர் எல்லாம் பதிவில் இருக்கிறது. கடைசிச் சொட்டு வரை குடிப்பவன் வாங்கமாட்டான் என்பது அவர் கண்டுபிடிப்பு. "மனசு உறுத்துது, அதான் மிச்சம் வைக்காம குடிக்கிறான்."

அவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். கொழும்புக்காரர்கள் நாகரிகமாகச் சொன்னார்கள், உள்ளூர்க்காரர்கள் நேராகவே சொன்னார்கள்: இது லயம். லயத்திலிருந்து தப்பி வருவதற்காகக் காசு சேர்த்தவன் லயத்தை விலைக்கு வாங்குவானா? அதோடு காலமும் சரியில்லை. விலைவாசி ஏறிய பிறகு யாரும் கை வைக்கத் துணியவில்லை; ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மண்சரிவுச் செய்தி வரும், வருவதாகச் சொன்னவர்கள் வரமாட்டார்கள். எங்கள் புரோக்கர் செல்வராஜ் சொன்னார், இப்போது மலையில் கை மாறுவது கரட்டும் கோழியும் மட்டும்தான் என்று.

இதில் என் பங்குக்கும் ஒரு பிழை உண்டு. வாங்க வருகிறவர்களுக்கு விபரம் வேண்டுமே என்று, வீட்டின் வரலாற்றை நான்கு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தேன். காணி வாங்கிய திகதி, அத்திவாரம் போட்ட திகதி, தகரம் மாற்றிய இரண்டு தடவைகள், மின்சாரம் வந்த நாள், அம்மா இறந்த நாளும் நேரமும், எந்தக் காம்பரா என்பதும். அக்கா அதைத் தேத்தண்ணியோடு சேர்த்துக் கொடுத்து வந்தார். எட்டாவது மாதம் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்:

"தம்பி, கோவிச்சுக்காத. நீ எழுதுன வரலாற மூனாம் பக்கம் வரைக்கும் படிக்கிறாங்க. அதுக்கப்பறம் செருப்பத் தேடுறாங்க."

மூன்றாம் பக்கத்தில்தான் அம்மா இறக்கிறார். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தால் இரண்டிலிருந்து நாலுக்குப் போகும், களவு மாதிரி இருக்கும் என்று சொல்லி, அவர் கடைசி வரை எடுக்கவில்லை.

5

2024 செப்டம்பரில் இங்கே எட்மண்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை விற்றார்கள். பதினோரு நாளில் முடிந்தது. அதற்கென்றே ஒரு பெண் வந்து வீட்டை ஒழுங்குபடுத்தினாள்: குடும்பப் படங்களைக் கழற்றி, குளிர்பெட்டியில் பிள்ளை ஒட்டிய சித்திரங்களை எடுத்து, சுவருக்கு வெள்ளை அடித்து, மேசையில் ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழம் வைத்தாள். யாருமே அங்கே வாழவில்லை என்பது போல இருந்தால்தான் வாங்க வருகிறவன் தன்னை அங்கே வைத்துப் பார்ப்பானாம்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அக்காவிடம் சொன்னேன்: அப்பா அம்மா படத்தையும் சாமி படங்களையும் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைக்கச் சொல்லி.

"படத்தக் கழட்டுனா சொவத்துல வெள்ளையா கட்டம் தெரியும். அதப் பாத்து என்னா படம்னு கேப்பாங்க. அதுக்குப் படமே தொங்கட்டும்" என்றார். எலுமிச்சம்பழம் விலை என்ன தெரியுமா என்றும் கேட்டார்.

என் மகள் அஞ்சலி இங்கே பிறந்தவள், இருபத்து நான்கு வயது, கல்கரியில் வேலை. இணையத்தில் போடுவதற்காக நான் எடுத்து வைத்திருந்த வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது மோட்டலா அப்பா?" என்று கேட்டாள். ஆறு கதவு, முன்னால் நீள வாசல். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் அப்படித்தான் இருக்கும். எனக்குச் சுருக்கென்றது. இல்லை, உன் தாத்தா கட்டிய வீடு என்றேன். அப்படியானால் இத்தனை கதவு எதற்கு என்றாள். பதில் சொல்ல ஆரம்பித்து, லயம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்று புரிந்ததும் நிறுத்திவிட்டேன். அவளுக்கும் போக வேண்டிய அவசரம் இருந்தது.

ஆனால் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்தபோது அவளே தொலைபேசியை வாங்கி அத்தையிடம் பேசினாள். அவளுக்குத் தெரிந்த தமிழைச் சேர்த்து, "அத்த, வீடு போயிடுச்சா?" என்று கேட்டாள். விலை போய்விட்டதா என்று கேட்கத்தான் நினைத்தாள்.

"இல்லடா தங்கம், எங்கயும் போகல. இங்கதான் நிக்குது" என்றார் அக்கா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அஞ்சலிக்கு எதற்குச் சிரிப்பு என்று விளங்கியதா தெரியவில்லை.

6

2025 பிறந்ததும் செல்வராஜ் ஒரு யோசனை சொன்னார். நடுச்சுவர்களில் வழி வெட்டிவிட்டால் லயம் என்ற பேச்சு போகும். ஆறு அறை வீடு என்று விளம்பரம் போடலாம். எனக்குச் சரியாகப் பட்டது, அக்காவையும் சம்மதிக்க வைத்தேன். பெப்ரவரி 10, திங்கள், மேசன் ராஜு பாஸ் உளியும் சுத்தியலும் கொண்டு வந்தார். முதல் காம்பராவுக்கும் இரண்டாவதற்கும் நடுச்சுவர்.

சாந்தை உடைத்து இரண்டு வரிசைக் கல்லை எடுத்தவர் நிறுத்திவிட்டார். மேலே, கதவு உயரத்தில், சுவருக்குள் ஒரு கொங்கிரீட் லின்டல் குறுக்கே கிடந்தது. கதவோ யன்னலோ வருகிற இடத்தில் மட்டும் போடுவது அது. அதற்குக் கீழே இருந்த கல் தனியாக அடுக்கியது. பக்கச் சுவரோடு பிணைக்கவில்லை. தட்டினால் வந்துவிடும். ராஜு பாஸ் மற்ற நான்கு சுவர்களையும் தட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் லின்டல் இருந்தது.

"இதக் கட்டுன ஆளு வழி வச்சுட்டுத்தான் அடச்சிருக்காருங்க" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிறு அக்கா கொப்பியைத் திறக்கவில்லை. முப்பத்தாறு வருடமாக மறந்து கிடந்த ஒன்று ஞாபகம் வந்ததாகச் சொன்னார். வீடு கட்டும்போது முற்றத்தில் லின்டல் வார்த்துக்கொண்டிருந்த பியசேன பாஸ், கதவு ஆறுதானே, பதினொன்று எதற்கு என்று சிங்களத்தில் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா சிங்களத்திலேயே ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு அம்மா துருவிக் கேட்டபோது தமிழில் சொன்னதை அக்கா கேட்டிருக்கிறார்.

"'இப்ப ஆளுக்கொரு கதவு இருக்கட்டும், நாளைக்கு மருமகளுங்க வருவாளுங்க. ஒத்துமையா இருந்தாங்கன்னா அவங்களே தொறந்துக்கட்டும்'னாரு. நா அப்ப காதுல போட்டுக்கல தம்பி."

நாங்கள் சண்டை போட்டவர்கள் இல்லை. நாலு பேரும் ஒற்றுமையாகத்தான் இருந்தோம். மருமகள்கள் வந்து திறக்க வேண்டிய காலத்தில் இரண்டு பேர் சேர்ந்து அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அக்கா ராஜு பாஸை ஒரு சுவரோடு நிறுத்திவிட்டார். ஒன்று போதும் என்றார். நானும் மற்ற நான்கையும் உடைக்கச் சொல்லவில்லை. அன்றிலிருந்து முதல் காம்பராவில் மூட்டிய அடுப்பின் சூடு இரண்டாவதற்கும் போனது. ஆறு அடுப்பு ஐந்தானது.

7

இனி காகித விஷயம். வீடு அப்பா பெயரிலிருந்து எங்கள் பெயருக்கு வந்திருந்ததால் என் கையொப்பம் வேண்டும். நான் போக முடியாது. ஆகவே என் சார்பில் கையொப்பமிட அக்காவுக்கு அட்டோர்னிப் பத்திரம். இங்கே ஒரு நொத்தாரிசு முன்னால் கையொப்பமிட்டு, ஒட்டாவாவில் இலங்கைத் தூதரகத்துக்கு அனுப்பி முத்திரை வாங்கி, பதிவுத் தபாலில் நுவரெலியாவுக்கு அனுப்பினேன். ஏப்ரல் முதல் வாரம் போய்ச் சேர்ந்தது. அங்குள்ள நொத்தாரிசு அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்: இன்னும் வராத நாளில் உங்கள் தம்பி கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று.

நான் கையொப்பமிட்டது மார்ச் 5. இந்த நாட்டு வழக்கப்படி மாதத்தை முன்னால் போட்டு 03/05 என்று எழுதியிருந்தது. ஊரில் அது மே 3. முழு வாழ்க்கையும் திகதி எழுதியவன், வாசித்துப் பார்த்துத்தான் கையொப்பம் வைத்தேன். என் கண்ணுக்கு அது பிழையாகவே தெரியவில்லை. இருபத்தேழு வருடம் இங்கே இருந்ததில் எது மாறியது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம். மே 3 வந்ததும் செல்லுபடியாகும்தானே என்று அக்கா கேட்டார். ஆகாது என்றார்கள். மறுபடி எழுதி, மறுபடி ஒட்டாவா. இந்த முறை மாதத்தை எழுத்தில் எழுதினேன்.

8

ஜூன் 15, ஞாயிறு. அன்று நான் அழைத்தபோது அக்கா மெதுவான குரலில் பேசினார். ஆட்கள் இருக்கிறார்கள், மழை விடவில்லை, நாலு மணிக்கு வந்தவர்கள் இன்னும் போகவில்லை என்றார்.

வந்தது லெட்சுமி என்ற பெண், நாற்பது வயது இருக்கும். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பதினொரு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். கூட அவருடைய தாயும், மரக்கறி லொறி ஓட்டும் தம்பியும், கொழும்பில் கடையில் நிற்கும் இளைய தம்பியும். மூன்று பேரும் சேர்ந்து வாங்குவதாக யோசனை. அக்கா தொலைபேசியை அவரிடம் கொடுத்தார்.

அவர் விலையைக் கேட்கவில்லை. "அண்ணே, உறுதிதானே? தோட்டத்துல குடுக்கிற துண்டு இல்லையே?" என்று கேட்டார். அவர்கள் தோட்டத்தில் வீடு கட்டிக் கொடுக்கப்பட்டவர்கள் பத்து வருடமாக ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். உறுதிதான், 1988இல் எழுதியது, இலக்கமும் தருகிறேன் என்றேன்.

வீடு லயம் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்பதையும் நானே சொல்லிவிட்டேன். பிறகு அவர் வாயால் அதைக் கேட்கத் தைரியமில்லை.

"அதாண்ணே வேணும். என் தம்பி பொஞ்சாதிக்கும் எனக்கும் ஆகாது. ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு அடுப்பு. சண்ட வந்தா கதவ சாத்திக்கலாம், கூர ஒன்னுதானே. ஒரே கதவு வீட்டுல நாங்க மூனு குடும்பம் எப்பிடி இருக்கிறது?"

பின்னால் தம்பி ஏதோ முணுமுணுத்தார். "உள்ளதத்தானடா சொன்னேன்" என்று இவர் திரும்பிச் சொல்வதும் கேட்டது.

என்னுடைய நான்கு பக்கத்தை அக்கா வாசித்துக் காட்டியிருக்கிறார். மூன்றாம் பக்கத்தையும். லெட்சுமி அதைப் பற்றிக் கேட்டார்: உங்கள் அம்மா போனது முதல் காம்பராவில்தானே? ஆம் என்றேன்.

"எங்கம்மா அங்கதான் அடுப்புகிட்ட ஒக்காந்துகிட்டு தூங்குறாங்கண்ணே. எழுப்ப மனசு வரல. வெளியூர் போனா கண்ண மூடாத மனுஷி." பிறகு, "அந்தச் சொவத்துல வழி இருக்குல்ல? அம்மா ஒன்னுல, நா ரெண்டுல. மத்த சொவர ஒன்னும் ஒடைக்க வேணாம்" என்றார்.

அந்த நான்கு பக்கத்தையும் உறுதியோடு சேர்த்துத் தரவேண்டும் என்றும் கேட்டார். "எங்க லயத்துக்கு எந்தத் திகதியும் கெடையாது. இதுக்காச்சும் இருக்கட்டும்."

விலை, கேட்டதற்கும் அவர்களால் முடிந்ததற்கும் நடுவில் நின்றது. சுதாவின் மேல்மாடிக்குப் போதும். தங்கையும் அண்ணன் பிள்ளைகளும் மறுக்கவில்லை.

பதிவேட்டின் கடைசிக்கு முந்திய வரி: "15.06.2025, ஞாயிறு. பெயர்: லெட்சுமி, தாய், தம்பிமார் 2. பால்: குடித்தது, தாய் இரண்டு தரம். தூங்கியது: ஆம். 1 மணி 10 நிமிடம். அழைத்துப் போன நேரம்: 7.05."

வீடு பார்க்க வந்தவர்களின் வரிகளில் கோடு இல்லாத ஒரே இடம் அது.

9

செப்டம்பர் 4, வியாழன், நுவரெலியாவில் உறுதி எழுதினார்கள். செப்டம்பர் 12, வெள்ளி, அக்கா மலை இறங்கினார். லெட்சுமி குடும்பம் அன்றே பத்து மணிக்குப் பால் காய்ச்ச வருவதாக நல்ல நேரம் பார்த்திருந்தது. சுதா முதல் நாளே வேன் பிடித்துக்கொண்டு வந்து, அம்மாவை மூட்டை முடிச்சோடு தயாராக வைத்திருந்தாள்.

வத்தளையில் அக்காவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சென்ற ஞாயிறு நாற்பது நிமிடம் பேசினோம்; மூன்று தடவைதான் இருமினார். எண்ணிக்கொண்டிருந்தேன். புழுக்கம் தாங்க முடியவில்லை, மின்விசிறிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று முறைப்பட்டார். கேஸ் அடுப்பில் தேத்தண்ணி ருசிக்கவில்லை என்றார். அந்த அளவுக்கு முறைப்பட மூச்சு இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம்.

கொப்பியின் கடைசி வரி அவரைப் பற்றியது:

"12.09.2025, வெள்ளி. பெயர்: புஷ்பம். வயது: 67. பால்: குடித்தது. தூங்கியது: இல்லை. அழைத்துப் போன நேரம்: காலை 6.40."

இந்த நேரத்தைத்தான் என்னால் எதோடும் பொருத்த முடியவில்லை. வேன் புறப்பட்டபோது மணி ஏழே கால் என்று சுதா சொல்கிறாள். சாரதிக்கு அந்த நேரத்தில் அழைப்பு வந்தது, தொலைபேசியில் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் முப்பத்தைந்து நிமிடம் இடையில் கிடக்கிறது. அம்மா கதவுகளைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போனார், தான் வேனில் தூங்கிவிட்டதாகச் சொல்கிறாள் சுதா. அக்காவின் நேரம் பிழையானதை நான் பார்த்ததில்லை.

மூன்று நாளைக்கு முன் லெட்சுமியிடம் பேசினேன். அவர்கள் பத்து மணிக்கு வந்து கதவுகளைத் திறந்தபோது ஆறு காம்பராவிலும் அடுப்புச் சாம்பல் சூடாக இருந்ததாம். வெள்ளிக்கிழமையின் முறை ஐந்தும் ஆறும்தான். டொக்டர் அடுப்பே கூடாது என்று சொல்லியிருந்தார்.

அக்காவிடம் கேட்டேன். "எனக்கென்னா பைத்தியமா? நா மூட்டல" என்றார். லெட்சுமியின் லொறி ஓட்டும் தம்பி முன்கூட்டியே வந்து மூட்டியிருப்பான் என்றார். தம்பியிடம் கேட்டுச் சொல்வதாக லெட்சுமி சொன்னார். அவர் லொறியோடு தம்புள்ளைக்குப் போயிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை. அந்த ஆறு அடுப்பை மூட்டியது யார் என்பது இன்றைய திகதி வரை உறுதிப்படுத்தப்படவில்லை.